எட்டு மைலும் இரண்டு தாளும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஏழு என்பது ஜப்பான் மணி. நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் தன் ஊரில் ஓடும் கடிகாரத்தையே நம் ஊரிலும் ஓட வைத்துவிட்டான். நம் பழைய மணிக்கு அது ஐந்தரை. அதனால் தோட்டத்துப் பாதையில் இருட்டு இன்னும் விலகவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் மணியெல்லாம் அந்த மணிதான். படிப்பவர்கள் ஒன்றரை மணியைக் கழித்துக்கொள்ள வேண்டியது.

எங்கள் தோட்டம் திகாம் பத்துக்கு மேற்கே மூன்று மைல். திகாம் பத்திலிருந்து தெற்கே சுங்கைப்பட்டாணி ஐந்து மைல். ஆக எட்டு மைல். இன்று காரில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். அன்று சைக்கிளில் நாலு மணி நேரம் ஆனது.

அது சாதாரண சைக்கிள் இல்லை. டியூபும் டயரும் கிடைக்காமல் ஊரே நடந்துகொண்டிருந்தபோது, ரப்பர் ஷீட்டைப் பட்டையாக அறுத்து, முறுக்கி, ரிம்மில் சுற்றி இறுக்கி, காற்றே வேண்டாத டயர் செய்தவன் நான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் ஜப்பான் சிப்பாய்களே என் டயரில்தான் ஓடினார்கள். இன்று சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் டயர் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் கடையைக் காட்டும். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாம் அந்த டயரில் தொடங்கியது. ரப்பரைத் தொட்டுப் பார்த்தே அது என்றைக்கு இறக்கிய பால் என்று சொல்லிவிடுவேன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

சைக்கிளின் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் அவுல்தார் சவரிமுத்து. மதராஸ் பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் இருந்தவர். பஸ்ராவரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். கடைசி ஏழு வருஷம் புதுப் பையன்களுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தார். பிறகு கப்பலேறி இங்கே வந்து எங்கள் தோட்டத்தில் காவல்காரராக இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. இடது காலில் புரைப்புண். நடந்தால் நூறு அடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும்.

அவருக்கு இருந்தது ஒரே மகன், மரியதாஸ். இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த லயத்தில் பேர் வாசித்து, சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் பாதைக்குப் பதினான்கு பேரைக் கொண்டுபோனார்கள். மரியதாஸ் அதில் ஒருவன். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷன் பக்கத்துக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். சயாமுக்குப் போனவனிடமிருந்து அதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்லை.

திங்கட்கிழமை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து ஒரு வழி சொன்னார். சுங்கைப்பட்டாணியில், வெள்ளைக்காரனை எதிர்க்கப் புதிதாகக் கூட்டுகிற இந்தியப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே அணிவகுப்பு சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். அவுல்தார் சேர்ந்தால் அவர் வீட்டுப் பிள்ளையை ரயில் பாதைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் வாய்ச்சொல் செல்லாது, தாள் காட்ட வேண்டும்.

தாள் இருந்தது. ஒன்று பட்டாளத்திலிருந்து விலகிய சீட்டு. இன்னொன்று அணிவகுப்பு சொல்லிக்கொடுத்ததற்கான சான்று. கூடவே மூன்று பதக்கங்கள், இரண்டு வெள்ளி, ஒன்று வெண்கலம். தலைப்பக்கம் ராஜா முகம், ஓரத்தில் அவுல்தாருடைய நம்பரும் பேரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஆபீசில் இவை உதவலாம். வழியில் சோதனைச் சாவடியில் அகப்பட்டால் அன்றோடு முடிந்தது. வெள்ளைக்காரன் பொருளை வீட்டில் வைத்திருந்ததற்கே ஆட்களை இழுத்துக்கொண்டு போன காலம்.

அவர் தாள்களை ஒரு எண்ணெய்த்துணிப் பையில் வைத்திருந்தார்.

"இதுலயே இருக்கட்டும் தம்பி. கப்பல்லயும் பாலைவனத்துலயும் இதுலதான் இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனதில்ல."

"அண்ணே, சோதிக்கிறவன் மொதல்ல கைய வைக்கிறது பையிலதான். ரப்பர் ஷீட்ட எவனும் பிரிச்சுப் பாக்க மாட்டான். நாத்தம் புடிச்சதுலா. எங்கிட்ட ஷீட்டுக்குப் பாஸ் இருக்கு. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல வச்சு, மேல நாலு ஷீட்டப் போட்டுக் கட்டிட்டா கடவுளுக்கே தெரியாது."

"ஒட்டிக்காதா?"

"ரப்பரப் பத்தி எங்கிட்டயா கேக்குறீங்க?"

பட்டாளத்துக்காரரிடம் ஒரு குணம் உண்டு. ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். பதில் வந்துவிட்டால் அது உத்தரவு. தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். வெறும் பையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

என்னிடம் இருந்தது பச்சை ஷீட், புகை போடாதது. டயர் சுற்ற அதுதான் வேண்டும். முந்தின நாள் உருளையில் ஓட்டி, ஒரு பகல் காற்றில் தொங்கப் போட்டிருந்தேன். விரலால் தொட்டால் மேல்தோல் காய்ந்திருந்தது. போதும் என்று நினைத்தேன்.

பதக்கங்களை அவர் தன் யோசனைப்படி வைத்துக்கொண்டார். நாடாக்களைக் கழற்றி அடுப்பில் போட்டார். அவை எரிந்து முடியும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதக்கங்களைத் தூக்குச்சட்டியின் அடியில் போட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பிசைந்து மேலே அமுக்கினார். மகனுக்குச் சாப்பாடும் ஆச்சு என்றார். ஷீட் கட்டை சைக்கிளின் பின்னால் கட்டி, அதன் மேல் அவரை உட்கார வைத்தேன்.

எட்டே கால் மணிக்குத் திகாம் பத்து. சாவடியில் ஒரே ஒரு சிப்பாய். இறங்கிக் குனிந்தேன். திரும்பிப் பார்த்தால் அவுல்தார் குதிகாலைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, கம்பம் மாதிரி நிற்கிறார்.

"கூனி நில்லுங்கண்ணே," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "தாள ஒளிச்சுட்டு ஒடம்பக் காட்டுறீங்களே."

"பழக்கம் தம்பி," என்று முனகிவிட்டுக் குனிந்தார். அவருக்குக் குனிய வரவில்லை. இடுப்பு மடிந்தது, கழுத்து மடியவில்லை.

சிப்பாய் பாஸைப் பார்த்தான். ஷீட் கட்டை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். தூக்குச்சட்டியைத் திறந்து துப்பாக்கிக் கத்தியைக் கிழங்குக்குள் விட்டான். அடியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. சட்டியும் தகரம்தான், அதனால் பிழைத்தோம். கத்தி முனையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

சாவடி தாண்டி இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். காப்பி என்று வறுத்த சோளத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். கிளாஸ் ஒரு வெள்ளி, ஜப்பான்காரன் அடித்த வாழைமரம் போட்ட நோட்டில். சீனி கிடையாது. கடைக்கார அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாண்ணே, பெரியவர மூட்டை மேல ஏத்திக்கிட்டு? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஆமாக்கா. பொண்ணு சுங்கைப்பட்டாணி."

"பாத்துலா, உங்க டயரு தடதடன்னு ஓடுது. மாப்பிள்ள போய்ச் சேர்றதுக்குள்ள பல்லு கொட்டிரும்."

அவுல்தார் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

வெயில் ஏறிவிட்டது. மெயின் ரோட்டில் ஒரு ராணுவ லோரி தாண்டிப் போனதைத் தவிர வண்டி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் பால் சீவாமல் நின்றன. கட்டிப்போன பால் வடு கறுத்துக் கிடந்தது. மரம் வெட்டிய இடத்திலெல்லாம் மரவள்ளி. திகாம் பத்து தாண்டி இரண்டாவது மைலில் அவர் என் முதுகைத் தட்டினார்.

"தம்பி, ஈரமா இருக்கே."

"வேர்வண்ணே. எனக்கும்தான் ஊத்துது."

"வேர்வ சூடால்ல இருக்கும். இது குளுகுளுன்னு இருக்கு. கொஞ்சம் நிறுத்திப் பாப்பமா?"

"ரப்பர் அப்படித்தான் இருக்கும். நீங்க சும்மா ஒக்காருங்க."

அவர் சும்மா உட்கார்ந்தார். தன் இருபத்தோரு வருஷத்தின் மேல் தானே உட்கார்ந்து வந்தார்.

எடை விழுந்தால் பச்சை ஷீட் தண்ணீரைக் கக்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நிறுத்திப் பிரித்திருந்தால் அந்த இடத்தில் இன்னும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அதற்காக மிதித்தேன்.

பதினோரு மணிக்குச் சுங்கைப்பட்டாணி. ஊருக்குள் நுழையும் இடத்துச் சாவடியில் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆபீஸ் ஒரு பெரிய பங்களாவின் முன்கூடத்தில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழர்தான். பினாங்குப் பேச்சு. முப்பது வயது இருக்கும். உள்ளறையில் ஒரு ஜப்பான்காரன் இருந்தான். அவன் பூட்ஸ் மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது.

அவுல்தார் தன் நம்பரையும் பேரையும் சொன்னார். இந்தத் தடவை யாரும் கூனச் சொல்லவில்லை. அதிகாரி எழுந்தே விட்டார்.

"பெரியவரே, ஒக்காருங்க. நூத்தம்பது பையன்க மைதானத்துல நிக்கிறானுங்க. எடது கால் எது, வலது கால் எதுன்னு சொல்லிக்குடுக்க ஆளு இல்ல. தாள் இருந்தா இப்பவே உள்ள கொண்டுபோய் சாப் குத்தி வாங்கிடுறேன். மகன் பேரு என்ன?"

"மரியதாஸ்ங்க."

ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பேரை எழுதிக்கொண்டார். நான் கட்டை அவிழ்த்தேன். மேல் நாலு ஷீட்டும் வந்தன. தாள் வைத்திருந்த அடி ஷீட் இரண்டும் ஒன்றாகியிருந்தன.

விரல் நகத்தை விட்டு மெதுவாகப் பிரித்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம். விலகல் சீட்டு நாலைந்து துண்டாகக் கிழிந்து இரண்டு பக்கமும் பிய்ந்தது. சான்றுத் தாள் கிழியவில்லை. ஊறிப்போய் இரண்டு தோலாகப் பிரிந்தது. வெறும் முதுகுத் தோல் என் கையோடு வந்தது. எழுத்து இருந்த தோல் முகம் குப்புற ஷீட்டில் ஒட்டிக்கொண்டது. ஷீட் தயிர் நிறத்தில் இருந்தது. ஈரத் தாள்நார் ஒரு வெள்ளைப் படலமாகத் தெரிந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தேன்.

"விடு தம்பி," என்றார் அவுல்தார். "இன்னும் கெடுக்காத."

அதிகாரி குனிந்து பார்த்தார். "வேற ஏதாச்சும் இருக்கா?"

அவுல்தார் தூக்குச்சட்டிக்குள் கையை விட்டு மூன்று பதக்கங்களையும் எடுத்து, சட்டை முனையில் துடைத்து, மேசைமேல் வரிசையாக வைத்தார். அதிகாரி ஓரத்து எழுத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு கதவிடுக்கைப் பார்த்துவிட்டு, தன் தொப்பியை அவற்றின் மேல் கவிழ்த்தார்.

"பெரியவரே, இது நீங்க வெள்ளக்காரனுக்காகச் சண்ட போட்டீங்கன்னு சொல்லுது. சொல்லிக்குடுத்தீங்கன்னு சொல்லல. இத மட்டும் உள்ள கொண்டுபோனா மகனோட நீங்களும் போவீங்க."

"பத்து பையன்களக் குடுங்க ஐயா. பத்து நிமிசம். நடத்திக் காட்டுறேன்."

அதிகாரி அவர் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அதில் சீழ் ஊறியிருந்தது.

"நான் நம்புறேன். நான் நம்பி என்னா செய்ய? உள்ள இருக்கிறவன் தாளத்தான் நம்புவான்." தொப்பிக்கு அடியிலிருந்தே பதக்கங்களைத் தள்ளிக் கொடுத்தார். "வெள்ளிக்கிழம காலையில ரயிலு. அதுக்குள்ள படிக்கிற மாதிரி ஏதாச்சும் கெடச்சா கொண்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மரியதாஸ் பேர் எழுதிய துண்டுக் காகிதத்தை அவர் கசக்கிப் போடவில்லை. மசிப்புட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மணிக்கு ஸ்டேஷன் கொட்டகை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் குந்தியிருந்தார்கள். வீட்டார் சாப்பாடு கொடுக்கலாம், ஐந்து நிமிடம். மரியதாஸ் ஓடி வந்தான். அப்பாவைப் போலவே நெடிய ஆள். அவன் கேட்ட முதல் கேள்வி:

"அப்பா, தாளக் காட்டுனீங்களா?"

அவுல்தார் என் பக்கம் திரும்பவில்லை.

"காட்டிட்டேன்யா. பாத்தாங்க. பேர எழுதிக்கிட்டாங்க. உத்தரவு வரும்."

"எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள."

பிறகு தூக்குச்சட்டியை வேலி இடுக்கில் கொடுத்து, காவலாள் காதில் விழாதபடி சொன்னார்: "கெழங்குக்குள்ள மூணு இருக்கு. எதுக்கும் கையில வச்சிரு. ரெண்டு வெள்ளி. காய்ச்சல் வந்தா கொய்னா மாத்திரைக்கு மாத்திக்க. ஓரத்துல அப்பா பேரு இருக்கேன்னு பாத்து வச்சுக்கிட்டு இருக்காத. வித்துரு."

"உத்தரவுதான் வருதே. அப்புறம் இது எதுக்குப்பா?"

"வரும். எதுக்கும் இருக்கட்டும்."

திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறவில்லை. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். தோட்டம் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. வழியெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிரியும்போது, "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, போ," என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஷீட்டைப் பார்க்க எனக்குக் கூசியது. பட்டறையில் மரப்பெட்டிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் செருகினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் மும்முரமாக டயர் சுற்றினேன். வெள்ளிக்கிழமை காலை அவுல்தார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லயத்து முற்றத்தில் தெற்கே பார்த்து நின்றார். வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றார். பிறகு உள்ளே போய்ப் படுத்தார்.

ஒரு மாதம் கழித்து ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு துண்டும் வீண் போகக்கூடாது என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து அதை இழுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது கை அப்படியே நின்றது.

ரப்பர் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சை ஷீட் தயிர் மாதிரி இருக்கும். ஈரம் போகப் போக வெளுப்பு கலைந்து, தேன் மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் பிடித்தால் மறு பக்கம் தெரியும். எழுத்து குப்புறத்தானே ஒட்டியிருந்தது. இந்தப் பக்கமிருந்து ரப்பருக்கு ஊடே பார்த்தால் நேராகத் தெரிந்தது. முத்திரை, கையெழுத்து, வரி வரியாக எல்லாம். கண்ணாடி போட்டு மாட்டின படம் மாதிரி.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் கொண்டுபோனேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்துத் தமிழில் சொன்னார். "இந்த நம்பர் உள்ள அவுல்தார் சவரிமுத்து ஏழு வருஷம் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தார். இவரிடம் கற்றவர்கள் நல்ல சிப்பாய்கள் ஆனார்கள். நடத்தை மிக நன்று." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு எழுத்து போகலியே. இது எப்பத் தெளிஞ்சுச்சு?"

"நேத்துதான் பாத்தேன்," என்றேன்.

அவர் கேட்டது அது இல்லை. மெல்லிய ஷீட்டைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் மூன்று நாளில் தெளியும். செவ்வாய் இரவு போட்டிருந்தால் வெள்ளி விடியுமுன் எடுத்திருக்கலாம். எட்டு மைல்தான். அதிகாரி அங்கேயேதான் இருப்பேன் என்றார். ரப்பரைத் தொட்டே நாள் சொல்கிறவன், காய்ந்தால் தெளியும் என்பதை அந்த மூன்று நாளும் நினைக்கவில்லை. ஷீட் என் பட்டறையில்தான் கிடந்தது. புகைக்கூடம் இருநூறு அடி தள்ளி இருந்தது.

அவுல்தாரிடம் நான் சொல்லவில்லை. ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு இரண்டு தடவை அவர் வாசல்வரை போனேன். சொன்னால் மூன்று நாள் கணக்கு அவருக்கும் தெரிந்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் புண் மேலே ஏறி இறந்துபோனார். எண்ணெய்த்துணிப் பையைத் தலைமாட்டில் வைத்துப் புதைத்தோம், வெறும் பையாக.

ஜப்பான்காரன் போன பிறகு பதினான்கு பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். மரியதாஸ் அதில் இல்லை. திரும்பினவர்களில் ஒருவன் சொன்னான்: "பெட்டியில வாசப் பக்கமா அவனாத்தான் எடம் கேட்டு ஒக்காந்தான். ரயிலு நகந்தப்புறமும் வெளிய எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான். உத்தரவு வருதுன்னான்." பதக்கங்களை என்ன செய்தான் என்று கேட்டேன். வெள்ளி இரண்டையும் கொய்னாவுக்கு மாற்றினானாம், காய்ச்சலில் கிடந்த வேறு ஒருவனுக்காக. அந்த வேறு ஒருவன்தான் என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்று அந்தச் சாலையில் வாரம் இரண்டு தடவை போகிறேன். மரவள்ளிக் காடு இல்லை, சாவடி இல்லை. ஓடுகிற லோரிகளில் பாதி என் டயரில் ஓடுகின்றன. ஷீட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கறுத்துவிட்டது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் படிக்கலாம்.

திகாம் பத்து தாண்டி இரண்டாவது மைலில் காரை ஓரமாக நிறுத்துவேன். இறங்க மாட்டேன். பக்கத்து இருக்கையைக் கையால் தடவிப் பார்ப்பேன். காய்ந்துதான் இருக்கும். பிறகு வண்டியை எடுப்பேன்.